ஏழு நாற்பது வண்டி

தைவானில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னதும் சித்தப்பா என்னைத் தனியாக மாடிக்கு அழைத்துப்போய், "தாய்லாந்தெல்லாம் ஒரு மாதிரி ஊருடா, பார்த்து இருந்துக்க" என்றார். அது வேறு, இது வேறு என்று விளக்கினேன். "எனக்குத் தெரியாதா" என்று கண் சிமிட்டினார். பெரியப்பாதான் கொஞ்சம் நெருங்கி வந்தார். "பர்மா பஜார்ல வாங்குற டார்ச் லைட்டுக்குப் பின்னாடி போட்டிருப்பானே, அந்த ஊரா? அப்ப மூணு மாசம்தான் தாங்கும்."

மூன்று மாதம் தாங்குவேனா என்ற சந்தேகம் முதல் வாரத்திலேயே எனக்கும் வந்துவிட்டது. தைபேயில் குங்குவான் பக்கம் அறை. ஆய்வகத்துக்கு நடந்தே போய்விடலாம். ஐந்து மாடிக் கட்டடம், லிஃப்ட் கிடையாது. அந்த ஐந்துக்கும் மேலே, மொட்டை மாடியில் தகரம் போட்டு எழுப்பிய அறைதான் என்னுடையது. தைபேயில் இப்படிப்பட்ட அறைகள் ஏராளம். கட்டட வரைபடத்தில் மட்டும் இருக்காது. சட்டப்படி இல்லாத ஓர் அறைக்கு மாதாமாதம் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தேன். திருவல்லிக்கேணி மேன்ஷனில் இரண்டு வருடம் குப்பை கொட்டியவனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் நிஜக் குப்பையைக் கொட்டத் தெரியவில்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

போன மறுநாள் சாயங்காலம். தூரத்தில் ஒரு பாட்டு. எங்கேயோ கேட்ட பாட்டு. நம்மூரில் மாருதி வேன் ரிவர்ஸ் எடுக்கும்போது பாடுமே, அதே. (அது பீத்தோவனின் 'ஃபூர் எலிஸ்' என்று பிற்பாடு சொன்னார்கள். மற்றவர்கள் பியானோவில் கேட்டதை நான் பம்பரில் கேட்டிருக்கிறேன்.) மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் தெருவே வாசலுக்கு வந்து நிற்கிறது. பாட்டிகள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், டை கட்டிய ஆபீஸ்காரர், தலையில் துண்டு சுற்றியபடி பாதிக் குளியலில் வந்த ஒரு பெண். எல்லோர் கையிலும் பை, எல்லோர் முகமும் ஒரே திசையில். சாமி புறப்பாடு வரும்போது அர்ச்சனைத் தட்டோடு நிற்போமே, அச்சு அசல் அதேதான். நானும் பயபக்தியோடு கீழே இறங்கி, செருப்பைக் கழற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, மஞ்சள் நிறத்தில் விளக்குகள் மினுக்க முனை திரும்பியது தேர்.

குப்பை வண்டி.

குப்பை தரையைத் தொடக் கூடாது என்பது அந்த ஊர்க் கொள்கை. தெருமுனையில் தொட்டி வைத்து, அதைச் சுற்றிக் கொட்டுகிற நம் வழக்கம் அங்கே செல்லாது. வண்டி வரும் நேரத்துக்கு நாமே போய் நம் கையால் உள்ளே வீச வேண்டும். நடைபாதைகளிலும் தொட்டி அபூர்வம். ஒரு வாழைப்பழத் தோலைக் காலையிலிருந்து மாலைவரை சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறேன். மெட்ரோவில் உட்கார்ந்து பழத்தைத் தின்னவும் முடியாது. அங்கே ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் 1,500 தைவான் டாலரிலிருந்து 7,500 வரை அபராதம்.

குப்பைக்குக் கட்டணமும் உண்டு. அதை வசூலிக்கும் விதம்தான் சாமர்த்தியம். 2000ஆம் ஆண்டிலிருந்து மாநகராட்சியின் நீலப் பையில் போட்டால்தான் ஏற்றுக்கொள்கிறார்கள். கட்டணம் அந்தப் பையின் விலைக்குள்ளேயே இருக்கிறது. எல்லாம் லிட்டர் கணக்கு. பாலுக்கும் பெட்ரோலுக்கும் பிறகு நான் லிட்டர் பார்த்து வாங்கியது குப்பைக்குத்தான். காசு கொடுத்து வாங்கிய பையைப் பாதி காலியாக வீச யாருக்கு மனசு வரும்? சாக்கில் நெல் அமுக்குகிற மாதிரி காலால் மிதித்து அமுக்குவேன்.

மறுசுழற்சிக்குக் காசு வேண்டாம், ஞாபகசக்தி வேண்டும். திங்கள், வெள்ளி காகிதம், துணி போன்ற தட்டையான சாமான்கள். செவ்வாய், வியாழன், சனி பாட்டில், டப்பா வகையறா. புதனும் ஞாயிறும் வண்டியே வராது. ராகுகாலம் எமகண்டம் மாதிரி எழுதிச் சுவரில் ஒட்டிவைத்தேன். அட்டைப் பெட்டியைப் பிரித்தால் திங்கள்கிழமை சாமான், பிரிக்காவிட்டால் செவ்வாய்க்கிழமைச் சாமானா என்று ஆய்வகத்தில் கேட்டேன். ஆறு முனைவர்களில் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

இந்த இடத்தில்தான் ஆயி வருகிறார். நடுவயதுப் பெண்களைச் சீனத்தில் 'ஆயீ' என்பார்கள், நாம் அத்தை, சித்தி என்பதுபோல. எங்கள் வீட்டில் பாட்டியை ஆயி என்றுதான் கூப்பிடுவோம். ஆக, அந்த நாட்டில் முதல் நாளே எனக்குப் பிசகில்லாமல் வந்த ஒரே சொல் அது. இரண்டாவது மாடி ஆயி எங்கள் தெருக் குப்பைக்குத் தன்னைத்தானே அதிகாரியாக நியமித்துக்கொண்டவர். பார்த்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "சாப்பிட்டாயா?" தைவான்காரர்கள் வணக்கம் சொல்வதே பெரும்பாலும் இப்படித்தான். அடுத்த கேள்வி, "பையில் என்ன?"

சாப்பாட்டுக் கழிவுக்கு வண்டியில் இரண்டு பீப்பாய்கள். நான் போன 2017இல், சமைத்த மிச்சம் பன்றிப் பண்ணைக்குப் போகும். பச்சைக் கழிவு, அதாவது தோலும் காம்பும் உரத்துக்கு. ஒருநாள் ரசம் வைத்துவிட்டுப் புளிச்சக்கையோடு இறங்கினேன். ஆயி குனிந்து பார்த்தார்.

"இது என்ன?"

செல்போனில் சீனப் பெயரைத் தேடிக் காட்டினேன்.

"சமைத்ததா, சமைக்காததா?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்தது. அடுப்பில் ஏறவில்லை, ஆனால் வெந்நீர் பட்டிருக்கிறது. இது சமையலா, இல்லையா? என் ஆராய்ச்சிக் கட்டுரைக்கே இவ்வளவு குடைச்சலான கேள்வி வந்ததில்லை. வரிசையில் நின்றவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். வண்டி நின்றது, பீத்தோவன் நிற்கவில்லை. கடைசியில் கையுறை போட்ட வண்டிக்காரர் ஒரு துளியை மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, "பன்றி பாவம்" என்று உரப் பீப்பாயைக் காட்டினார்.

ஆயியோடு பேசுவதற்காகவே மாலை வகுப்பில் சேர்ந்தேன். 'மாய்' என்பதை ஒரு மாதிரி இழுத்தால் வாங்குவது, வெட்டிச் சொன்னால் விற்பது. கடைக்காரரிடம் ஒரு வாரம் முட்டை விற்றிருக்கிறேன். ஆனால் ஒரே ஒரு ஒலியில் வகுப்பிலேயே நான்தான் முதல். மனிதனுக்கு அவர்கள் சொல்லும் வார்த்தை கிட்டத்தட்ட 'ழென்'. பக்கத்தில் உட்கார்ந்த ஐரோப்பிய மாணவர்கள் நாக்கோடு மல்லுக்கட்ட, நான் வாழைப்பழம் சாப்பிட்ட வாயோடு அலட்சியமாகச் சொன்னேன். டீச்சர் கை தட்டினார். அந்தப் பெருமையோடு அன்றைக்கே ஆயியிடம் போய்ச் சொல்லிக் காட்டினால், அவருக்குப் புரியவில்லை. அவர் அதை 'லென்' என்பவர். வாளப்பளக் கட்சி கடல் கடந்தும் இருக்கிறது.

புரட்டாசி வந்தது. சைவத்துக்குத் திண்டாடுவாய் என்று அம்மா மூட்டை மூட்டையாகப் பொடி கொடுத்தனுப்பியிருந்தாள். திண்டாட்டம் நேர்மாறாக வந்தது. தெருவுக்குத் தெரு சைவ உணவகம். பெயர்ப்பலகையில் ஸ்வஸ்திகம்கூட இருக்கும். உள்ளே போனால் தட்டில் சைவ மீன் வருகிறது. தோல் கடல்பாசியில், சதை சோயாவில், செதிலுக்குக் கீறல்கூட உண்டு. சைவக் கோழி, சைவ ஹாம், சைவ இறால். அசைவத்தை விட்டவனுக்கு அசைவத்தின் சிலையைச் செய்து வைக்கிறார்கள். சரி, வெங்காயமாவது கடிக்கலாம் என்று கேட்டால் பரிமாறுகிறவர் பதறிப்போகிறார். அந்த பௌத்தச் சைவத்தில் வெங்காயமும் பூண்டும் ஆகாது. மீனைத் தின்றுவிட்டு வெங்காயத்துக்காக மன்னிப்புக் கேட்டு வந்தேன். பெருமாள் அதை எந்தக் கணக்கில் எழுதினாரோ.

இதற்கு நடுவில் என் நாளே ஏழு நாற்பதைச் சுற்றி ஓட ஆரம்பித்தது. ஏழே காலுக்கு ஆய்வகக் கூட்டத்தில் என் கால் தானாக ஆடும். பேராசிரியர் முதல் மாதம் நான் பக்திமான் என்று நினைத்திருக்கிறார், சாயரட்சை பூஜை இருக்கும்போல என்று. பாட்டு காதில் விழுந்து, ஐந்து மாடி இறங்கி வெளிக்கதவைத் திறப்பதற்கும் வண்டி நகர்வதற்கும் சரியாக இருக்கும். செவ்வாய் தவறவிட்டால் வியாழன்வரை மீன்முள்ளோடு குடித்தனம். "ஃப்ரீசரில் வை" என்று ஆயி சொல்லிக்கொடுத்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஐஸ்கிரீமும் எலும்பும் ஒரே தட்டில் குடியிருந்தன.

மிச்சம் இருப்பது ரசீது விஷயம். தைவானில் கடைக்காரர் தரும் ரசீதே லாட்டரிச் சீட்டு. பில் போடாமல் விற்று வரி ஏய்ப்பதைத் தடுக்க 1951இல் கண்ட உபாயம்: ஒவ்வொரு ரசீதிலும் எட்டு இலக்க எண், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை குலுக்கல். அதிகபட்சம் ஒரு கோடி டாலர். கடைசி மூன்று எண் பொருந்தினால்கூட இருநூறு. இதனால் கடைக்காரர் பில் தர மறந்தாலும் வாடிக்கையாளர் விடமாட்டார். "பில் வேணுமா சார், பில்லுன்னா வேற ரேட்டு" என்று கேட்டு வளர்ந்தவன் நான். ரசீதைக் கசக்கி எறிவது என் ரத்தத்தில் ஊறியது. போதாக்குறைக்கு, தமிழ்நாட்டில் 2003இலேயே லாட்டரியைத் தடை செய்துவிட்டதால், சீட்டைச் சேர்த்துவைக்கும் பழக்கமும் விட்டுப்போயிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை. காகிதக் கட்டோடு நின்றேன். ஆயி வழக்கம்போலச் சோதனை போட்டு, நடுவிலிருந்து ஒரு கொத்து ரசீதை உருவினார். "இந்த வழவழப்புக் காகிதம் இதில் சேராது, நீலப் பையில் போட வேண்டும். எத்தனை தடவை சொல்வது?" திட்டிக்கொண்டே ஒரு ரசீதைக் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அந்தக் குலுக்கலின் எண்களெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"தகர ரூம்காரனுக்கு இருநூறு!"

தெருவே திரும்பிப் பார்த்தது. வண்டிக்காரர் கையுறையோடு வாழ்த்தினார். ஆயி என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முனைக் கடைக்கு நடந்தார். இரண்டு நூறு டாலர் தாள்களை என் கையில் கொடுக்கவிடாமல் அவரே வாங்கி, அப்படியே கல்லாவுக்குத் திருப்பி, நீலப் பைகள் கேட்டார். "பணமாக இருந்தால் செலவழித்துவிடுவாய்."

வெளியே வந்தபோது தெரு அமைதியாக இருந்தது. அப்போதுதான் கவனித்தேன்: புதுப் பைகள் ஒரு கையில், மறு கையில் கொட்டாத குப்பை. ஆயி காதைத் தீட்டினார். பக்கத்துத் தெருவிலிருந்து மெல்லியதாக, மாருதி வேன் ரிவர்ஸ் எடுத்தது.

"ஓடு!" என்று கத்திவிட்டு, ரப்பர் செருப்போடு எனக்கு முன்னால் ஓடினார்.