கைதட்டாதோர் சங்கம்

1913 மார்ச் 31. வியன்னா நகரத்து மூசிக்ஃபெராயின் பெரிய மண்டபம். தங்கப் பூச்சு, தூண்கள், சிலைகள் என்று பெரிய மனிதர்கள் பட்டுக்கோட்டோடு உட்கார்ந்து கௌரவமாகத் தூங்குவதற்கு இதைவிடத் தோதான இடம் ஐரோப்பாவில் கிடையாது. அன்று யாருக்கும் தூக்கம் வரவில்லை.

இசைக்குழுவை நடத்தியவர் ஆர்னல்ட் ஷோன்பெர்க். செருப்புக் கடைக்காரர் மகன், ஒரு காலத்தில் வங்கி குமாஸ்தா. இசையைப் பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டு, அப்புறம் ஊருக்கே கற்றுத்தர முடிவு செய்தவர். முதலில் சீடர் வெபர்னுடைய ஆறு துண்டு இசை. சபையில் சிரிப்பு. பிறகு குருநாதரே எழுதிய அறை சிம்ஃபனி. சிரித்தவர்கள் இப்போது வீட்டுச் சாவியை வாயில் வைத்து விசில் ஊத ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம் இன்னொரு சீடர் ஆல்பன் பெர்க்கின் பாடல்கள் வந்தபோது சபை மொத்தமாக எழுந்துவிட்டது.

பெர்க் எடுத்துக்கொண்ட வரிகள் பேட்டர் ஆல்டன்பெர்க் என்ற கவிஞர் பட அஞ்சலட்டைக்கு எழுதியவை. இரண்டு வரி, மூன்று வரி. அதற்குப் பெர்க் மேடை கொள்ளாத அளவுக்குப் பெரிய இசைக்குழுவைக் கூட்டியிருந்தார். இந்தக் கும்பலை வெளியே தள்ளுங்கள் என்று வெபர்ன் கத்தினார். உங்களைத்தான் ஸ்டைன்ஹோஃபுக்கு அனுப்ப வேண்டும் என்று பதில் வந்தது. ஸ்டைன்ஹோஃப் வியன்னாவின் மனநல மருத்துவமனை. கவிஞர் ஆல்டன்பெர்க் அப்போது ஏற்கெனவே அங்கேதான் இருந்தார் என்பது கத்தியவர்களுக்குத் தெரியுமோ என்னவோ.

அப்புறம் விழுந்தது ஒரு அறை. கச்சேரிக்கு ஏற்பாடு செய்த எர்ஹார்ட் புஷ்பெக் கொடுத்தது. வழக்கு நீதிமன்றம் போயிற்று. சாட்சிக் கூண்டில் ஏறிய ஆஸ்கர் ஸ்ட்ராஸ் என்ற ஆப்பரெட்டா இசையமைப்பாளர், அன்று மாலை முழுவதிலும் சுருதி சுத்தமாகக் கேட்டது அந்த அறை ஒன்றுதான் என்று சொன்னதாக ஒரு கதை. சாட்சியம் நிஜமோ இல்லையோ, வியன்னா வரலாற்றில் அது அறைக் கச்சேரி என்றே நின்றுவிட்டது. நிகழ்ச்சி நிரலில் கடைசியாக இருந்த, இசையமைப்பாளர் மாலரின் இரங்கல் பாடல்களைப் பாட வழியில்லாமல் போயிற்று. பெர்க்கின் பாடல்கள் அவர் கண்மூடும்வரை முழுதாக அரங்கேறவே இல்லை.

வேறு யாராவது இருந்தால், கொஞ்சம் காதுக்கு இதமாக எழுதிப் பார்ப்போம் என்று நினைத்திருப்பார்கள். ஷோன்பெர்க் நோயை வேறு இடத்தில் கண்டுபிடித்தார். இசையில் கோளாறு இல்லை, கேட்க வருகிறவர்களிடம்தான் கோளாறு. ஆகவே கேட்பவர்களை வடிகட்ட வேண்டும்.

இடையில் உலகப் போர் வந்து போயிற்று. நாற்பது வயதைத் தாண்டிய பிறகு அவரும் பட்டாளத்துக்குப் போனார். அங்கே ஒரு மேலதிகாரி, நீதான் அந்தப் பேர்போன ஷோன்பெர்க்கா என்று கேட்க, யாராவது ஒருத்தர் ஷோன்பெர்க்காக இருந்தாக வேண்டியிருந்தது, ஒருத்தரும் முன்வரவில்லை, அதனால் நான் ஏற்றுக்கொண்டேன் என்று பதில் சொன்னாராம். இந்த அடக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சங்கத்தின் சட்டதிட்டம் வரும்போது உதவும்.

1918 ஜூனில் ஒத்திகை பார்த்தார். நிஜமாகவே ஒத்திகைதான். பழைய அறை சிம்ஃபனிக்குப் பத்து ஒத்திகைகள் நடக்கும், பொதுமக்கள் வந்து உட்காரலாம், ஆனால் கச்சேரி என்று ஒன்று கிடையாது. பத்துத் தடவை நிச்சயதார்த்தம் நடத்தி, கல்யாணத்துக்கு மட்டும் பத்திரிகை அடிக்காத வீடு மாதிரி. வந்தவர்கள் மாவு பிசைவதிலிருந்து பார்த்ததால் பலகாரத்தைத் திட்ட மனம் வரவில்லை. யுக்தி பலித்துவிட்டது.

அந்த நவம்பரில் இரண்டு சம்பவங்கள். அறுநூறு ஆண்டுக்கு மேல் ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சம் மூட்டை கட்டியது. 12ஆம் தேதி ஆஸ்திரியா குடியரசானது. அதே மாதம், தனிப்பட்ட இசை நிகழ்ச்சிகளுக்கான சங்கம் என்ற பெயரில் ஷோன்பெர்க் ஒரு அமைப்பைத் தொடங்கினார். சங்க விதிகளின்படி தலைவர் ஷோன்பெர்க். பதவிக்காலத்துக்கு வரம்பு இல்லை. சங்கத்தை நடத்துவதில் அவருக்கு முழு அதிகாரம். பொதுக்குழு என்ன தீர்மானம் போட்டாலும், தேர்தல் நடத்தினாலும், விதியைத் திருத்தினாலும், சங்கத்தைக் கலைத்தாலும்கூடத் தலைவர் சம்மதித்தால்தான் செல்லும். நாட்டில் முடியாட்சி ஒழிந்து மாதம் முடிவதற்குள் அதைப் பத்திரமாகத் தூக்கிவந்து ஒரு இசைச் சங்கத்தில் வைத்துவிட்டார்கள்.

சங்கத்தின் நோக்கத்தை 1919 பிப்ரவரியில் அறிக்கையாக எழுதியவர் பெர்க். அஞ்சலட்டைப் பாட்டுக்கு வாங்கிக் கட்டிக்கொண்ட அதே பெர்க். எனவே ஒவ்வொரு வரியிலும் பழைய காயம் தெரியும். கைதட்டக் கூடாது. சீழ்க்கை அடிக்கக் கூடாது. நன்றாக இருந்தது என்று முகத்துக்கு நேராக நன்றி சொல்வதுகூடக் கூடாது. கேட்டதைப் பற்றிப் பத்திரிகையில் எழுதக் கூடாது. விமர்சகர்களுக்கு வாசலிலேயே கும்பிடு. வெளியூர்க்காரர் தவிர விருந்தாளி யாரையும் கூட்டிவரக் கூடாது. எல்லாவற்றுக்கும் சிகரமாக, இன்று என்ன வாசிக்கப் போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டோம். சொன்னால் கஷ்டமான உருப்படி வரும் நாளில் உங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்துவிடும் அல்லவா? வந்து உட்காருங்கள், கிடைப்பதைக் கேளுங்கள். சந்தா மட்டும் தவறாமல் கட்டிவிடுங்கள்.

இதற்கும் ஆள் சேர்ந்தது. அதுதான் வியன்னா.

1918 டிசம்பர் 29, முதல் நிகழ்ச்சி. ஊரில் கரி இல்லை, ரொட்டி இல்லை, விஷக் காய்ச்சல் வேறு. அந்தக் குளிரில் ஸ்கிரியாபின் சொனாட்டாக்கள், டெபுஸி பாடல்கள், பிறகு மாலரின் ஏழாவது சிம்ஃபனி. இசைக்குழுவுக்குக் காசு ஏது? ஒரு பியானோ முன்னால் இரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, ஏறக்குறைய எண்பது நிமிட சிம்ஃபனியை நான்கு கைகளால் வாசித்து முடித்தார்கள். முடிந்ததும் ஒரு சத்தம் இல்லை. விதி.

காசு இல்லாததிலிருந்து பிறந்ததுதான் சங்கத்தின் நிஜமான கைவேலை. நூறு பேர் வாசிக்க வேண்டியதைப் பத்துப் பேருக்குச் சுருக்கும் கலை. குழல் வாத்தியங்களின் இடத்தை ஆர்மோனியம் நிரப்பும். நம் நாடகக் கொட்டகைகளில் கோலோச்சியதற்கு ஐரோப்பியப் பெரியப்பா முறை. காலால் மிதித்துக் காற்றடிக்க வேண்டும். சீடர் எர்வின் ஸ்டைன் மாலரின் நான்காவது சிம்ஃபனியை இப்படி மடக்கிச் சின்னப் பெட்டியில் வைத்தார். இன்றைக்கும் அந்தச் சுருக்கப்பட்ட வடிவத்தை உலகம் பூராவும் வாசிக்கிறார்கள், பெரும்பாலும் அதே காரணத்துக்காக.

கிண்டல் ஒரு பக்கம் இருக்கட்டும். சர்வாதிகாரி ஒரு காரியம் செய்தார், அதற்கு எழுந்து நின்று கைதட்டலாம் (சங்கத்துக்கு வெளியே நின்றுதான்). முதல் ஒன்றரை ஆண்டு வாக்கில் அவருடைய சொந்த இசை ஒன்றுகூட அங்கே வாசிக்கப்படவில்லை. அதிகம் ஒலித்தது மாக்ஸ் ரேகர், டெபுஸி போன்றவர்களுடையது. சங்கம் வைத்த எந்தக் கலைஞராவது முதல் நிகழ்ச்சியிலேயே தன் உருப்படியை நுழைக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை. ஒத்திகையிலும் சமரசம் கிடையாது; பிசிறு தட்டினால் தட்டாத வரைக்கும் திரும்ப. புரியாத இசை ஒரு தடவையில் புரியாது என்பதால் அதையே மறுபடி, மறுபடி போட்டார்கள். மூன்று ஆண்டில் 117 நிகழ்ச்சிகள், 154 படைப்புகள், 353 வாசிப்புகள். போர் முடிந்த பட்டினி நகரத்தில்! எழுதப்பட்ட மை காயாத இசைக்கு இவ்வளவு நேர்மையான உழைப்பை அந்தக் காலத்தில் வேறு யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை.

இனி பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவேல் கதை. 1914 ஆகஸ்டில் போர் வெடித்த ஜோரில் ஷோன்பெர்க் மாலரின் விதவை ஆல்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். பிசே, ஸ்ட்ராவின்ஸ்கி, ரவேல் போன்ற மலிவுச் சரக்கு வியாபாரிகளை இனி அடிமைகளாக்கி, ஜெர்மானிய ஆன்மாவை வணங்கக் கற்றுத்தருவோம் என்கிற பாணியில் வீராவேசம். அந்தப் பக்கம் ரவேல் பிற்பாடு பிரெஞ்சு ராணுவத்தில் லாரி ஓட்டப் போனார். எதிரி நாட்டு இசையைத் தடை செய்யப் பாரிசில் கிளம்பிய கூட்டம் 1916இல் அவரைக் கையெழுத்துக்குக் கூப்பிட்டது. ஷோன்பெர்க் ஆஸ்திரியர் என்பதால் எனக்கு என்ன என்று ரவேல் பதில் எழுதி மறுத்துவிட்டார்.

1920 அக்டோபரில் அதே ரவேல் வியன்னா வந்தார். தங்கியது ஆல்மா வீட்டில். கடிதம் எந்த மேசை இழுப்பறையில் கிடந்ததோ! 23ஆம் தேதி சங்கத்தின் நிகழ்ச்சியில் ரவேலும் இத்தாலிக்காரர் கசெல்லாவும் இரண்டு பியானோக்களில் ‘லா வால்ஸ்’ வாசித்தார்கள். பாரிசில் இசைக்குழுவோடு அது அரங்கேறுவதற்கு முன்பே, வியன்னா வால்ட்ஸைப் பற்றி ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதியதை வியன்னா கேட்டுவிட்டது. அடிமையாக்குவதாகச் சொன்னவர் ஊரில் இல்லை, அவர் அப்போது ஹாலந்தில் இருந்தார். சில சந்திப்புகள் நடக்காமல் போவதே மரியாதை.

வால்ட்ஸ் சங்கத்தை விடவில்லை. 1921 ஆனதும் கஜானா காலி. கிரோன் நாணயம் காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. அறிக்கையும் விதியும் சோறு போடாது என்று புரிந்ததும், தூய இசையின் காவலர்கள் கூடி யோசித்து எடுத்த முடிவு: யோஹான் ஸ்ட்ராஸ். ஊர் மொத்தமும் எதைக் கேட்டு ஆடுமோ, எதன் சுகத்தில் மயங்கி இவர்களை விரட்டியதோ, அதே வால்ட்ஸ்.

மே 27 அன்று நான்கு வால்ட்ஸ்கள். தலைவர் ‘தெற்கின் ரோஜாக்க’ளையும் ‘கடற்கழி வால்ட்’ஸையும் சுருக்கினார். ‘மதுவும் மங்கையும் பாட்டும்’ பெர்க் பங்கு. ‘புதையல் வால்ட்ஸ்’ வெபர்ன் கையில். ஒரு நிமிடத்துக்குள் ஒரு முழு உருப்படியை முடித்துவிட்டு எழுந்து போகிற மனுஷர் வெபர்ன். அவர் ஸ்ட்ராஸின் மெட்டு திரும்பத் திரும்ப வருவதைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதிய காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். வாசித்ததும் இவர்களேதான். ஷோன்பெர்க் வயலின், வெபர்ன் செல்லோ, ஆஸ்துமாக்காரர் பெர்க் ஆர்மோனியத்தை மிதித்துக் காற்றடித்தார். ஊரே தூக்கத்தில் முணுமுணுக்கும் மெட்டுக்கு மணிக்கணக்கில் ஒத்திகை. முடிந்ததும் கையெழுத்துப் பிரதிகள் நான்கையும் சபையிலேயே ஏலம் விட்டார்கள்.

அந்தப் பணமும் ரொம்ப நாள் தாங்கவில்லை. அந்தக் கோடையில் ஷோன்பெர்க் ஒரு சீடரிடம், அடுத்த நூறு ஆண்டுகளுக்கு ஜெர்மானிய இசையின் மேலாண்மையை உறுதி செய்யும் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். பன்னிரண்டு சுர முறை. டிசம்பர் வாடகைக்கு அது உதவவில்லை. சீடர்கள் மூவர் ப்ருக்னரின் ஏழாவது சிம்ஃபனியைப் பங்கு போட்டுச் சுருக்கி வைத்திருந்தார்கள். அதை மேடையேற்றுவதற்கு முன் சங்கம் நின்றுபோனது. எந்தப் பொதுக்குழுவாலும் அசைக்க முடியாத வாழ்நாள் பதவியை ரொட்டி விலை அசைத்துவிட்டது.

1922இல் பிராக் நகரத்தில் அதே மாதிரி இன்னொரு சங்கம் முளைத்து இரண்டு வருடம் ஓடியது. தலைவர், ஷோன்பெர்க்கின் மைத்துனர் ஜெம்லின்ஸ்கி. கௌரவத் தலைவர் யார் என்று கேட்கவே வேண்டாம். ஆட்சி குடும்பத்தைவிட்டு வெளியே போகவில்லை.