13 மீட்டர் தூண்டில்

சார்செல், பாரிசுக்கு வடக்கே
மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் வாட்ஸப் கிடைத்தது. நலம் விசாரித்து ஒரு வரி இல்லை. "மச்சான், ஊருக்கு வரும்போது நல்லதா ஒரு ராடும் ரீலும் வாங்கிட்டு வா" என்று போட்டு, கீழே ஒரு கும்பிடு பொம்மை. அரைக்கிலோ சீஸ் வாங்கச் சொன்ன மாதிரி சுலபமாகச் சொல்லிவிட்டாய். போனில் பதில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி" என்று வைத்துவிடுவாய், அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். அத்தைக்கும் வாசித்துக் காட்டு. கெண்டை மீன் வரும் இடத்தை மட்டும் தாண்டிவிடு, அவருக்கு ரத்தக்கொதிப்பு.

கடைக்குப் போனேன். நம் ஊர்க் கடையில் முதல் கேள்வி "எவ்வளவுல வேணும்?" இங்கே "என்ன மீனுக்கு?" நான் "வருகிற மீனுக்கு" என்றேன். கடைக்காரர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு, நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். விஷயம் பெரிது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

தடியில் "10-30 கிராம்" என்று எழுதியிருக்கும். அந்த எடைக்குத்தான் மீன் விழும் என்று எண்ணி விலகிப் போய்விடாதே. அது வீசுகிற இரையின் எடை. கெண்டைத் தடியில் "3 பவுண்டு" என்றிருந்தால், நுனி செங்குத்தாக மடங்க அவ்வளவு எடையைத் தொங்கவிட வேண்டும் என்று அர்த்தம். ரீலில் 2500, 4000 என்றிருப்பது அளவு எண். விலை என்று நினைத்து நான் ஒரு நிமிடம் சுவரைப் பிடித்துக்கொண்டேன். 5.2:1 என்றால் கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் நரம்பைச் சுருட்டும் பகுதி ஐந்தேகால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றும். பேரிங் எத்தனை என்று பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். மட்டமான பேரிங் பத்தை விட நல்ல பேரிங் நாலு மேல் என்று கடைக்காரரே காதோடு சொன்னார். நல்ல மனிதர்.

இனி அத்தைக்கு வாசிக்கக் கூடாத பகுதி. இங்கே கெண்டை பிடிப்பது தனி மதம். ஏரிக்கரையில் கூடாரம், மடக்குக் கட்டில், அடுப்பு. தடிகளை ஒரு தாங்கியில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு மின்சாரக் கருவி. மீன் இழுத்தால் அது கூவும், தூங்குகிறவர் எழுந்து ஓடுவார். இரை என்பது கோலிகுண்டு அளவில் உருட்டி அவித்த உருண்டை. ஸ்ட்ராபெரி, அன்னாசி, தேன் என்று வாசனை வாசனையாக விற்கிறார்கள். மீன் வந்ததும் தரையில் வைக்க மாட்டார்கள், அதற்கென்று மெத்தை இருக்கிறது. முள் குத்திய இடத்துக்கு மருந்து தடவுகிறார்கள். படம் எடுக்கிறார்கள். சிலர் முத்தமும் கொடுக்கிறார்கள். பிறகு பத்துப் பதினைந்து கிலோ கெண்டையை, மாப்பிள்ளை, அப்படியே தண்ணீரில் விட்டுவிடுகிறார்கள்! 60 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கெண்டையை உயிரோடு எடுத்துப் போவதே சட்டப்படி குற்றம். முதல் தடவை பார்த்தபோது என்னையறியாமல் "ஐயோ, புளி!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் ஏதோ தமிழ் வாழ்த்து என்று நினைத்துத் தலையசைத்தார்.

அடுத்தது புழு. நாம் வாழைக்கொல்லையில் மண்வெட்டியால் கிளறி, கொட்டாங்குச்சியில் ஈரமண்ணோடு அள்ளி வருவோமே, அது இங்கே கடையில் குளிர்பெட்டியில் டப்பா டப்பாவாக இருக்கிறது. இராத்திரியில் வாங்குகிறவர்களுக்காகச் சில கடைகளின் வெளியே தானியங்கி இயந்திரமும் உண்டு. காசு போட்டால் புழு விழும். சிவப்புச் சாயம் ஏற்றிய ஈப்புழுவை நான் வீட்டு ஃப்ரிஜ்ஜில் இட்லிமாவுக்குப் பக்கத்தில் வைத்த அன்று உன் அக்கா பேசியதை இங்கே எழுத முடியாது. அந்த டப்பா இப்போது கார் நிறுத்தும் கொட்டகையில் வசிக்கிறது.

எல்லாவற்றையும் விடக் கடையில் என்னை உலுக்கியது வேறு. சுவரோரம் கண்ணாடிக்குள் நீட்டி வைத்திருந்த ஒரு தடி. 13 மீட்டர் நீளம், முழுவதும் கார்பன், துண்டு துண்டாகச் செருகிச் சேர்ப்பது. வடக்கே ரூபே என்ற ஊரின் பெயரால் ரூபேசியென் என்கிறார்கள். விலை ஆயிரக்கணக்கான யூரோ. "ரீல் தனியா?" என்று கேட்டேன். "இதற்கு ரீல் கிடையாது ஐயா, நுனியில் நரம்பைக் கட்ட வேண்டும்" என்றார். மாப்பிள்ளை, ரீல் இல்லாத தடி, நுனியில் நரம்பு, நரம்பில் தக்கை, அடியில் முள்! பந்தல்காரர் வீட்டுக் கொல்லையில் கேட்காமல் உருவிக்கொண்டு ஓடினோமே, அந்த மூங்கில் கழி. அதற்குத் தங்கூசி நரம்பு, பத்து பைசாவுக்கு முள், கிழிந்த வலையிலிருந்து கடித்தெடுத்த ஈயம், மயிலிறகுத் தண்டில் ஒரு தக்கை. மயிலிறகுத் தக்கையும் இங்கே இருக்கிறது, எத்தனை கிராம் ஈயம் தாங்கும் என்று எழுதி விற்கிறார்கள். நம் தக்கை எவ்வளவு தாங்கும் என்பது அது முழுகிய பிறகுதான் தெரியும்.

மூங்கிலுக்கும் இங்கே கொஞ்சநஞ்ச மரியாதை இல்லை. கார்பன் வருவதற்கு முன்பு மூங்கிலை நீளவாக்கில் ஆறு கீற்றாகச் சீவி, ஒட்டி, அறுகோணத் தடியாகச் செய்தார்கள். அம்புவாஸ் ஊரில் பெசோன் எ மிஷெல் என்ற கம்பெனி இதில் பேர்போனது. பாரிசின் ரிட்ஸ் ஹோட்டல் குடும்பத்துச் சார்ல் ரிட்ஸ் அந்தக் கம்பெனிக்குத் தடி வடிவமைத்துக் கொடுத்தார். ஹோட்டல் முதலாளிக்கு மீனைக் கொண்டுவர ஆளா இல்லை? இருந்தும் தானே தடி வளைத்துப் பார்த்தார். அந்த உயர்ந்த மூங்கிலுக்குத் தொங்கின் மூங்கில் என்று பெயர். வளர்வது சீனாவின் குவாங்தோங்கில், பெயர் மட்டும் நம் பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் துப்பாக்கி தூக்கிய, வியட்நாமின் தொங்கின். போன மனிதர் வீட்டுக்கு ஒரு மூங்கிலாவது கொண்டுவந்தாரா? மெடலும் மலேரியாவும்தான் வந்தன.

அவர் கொண்டுவந்த ரீல் நினைவிருக்கிறதா? சொல்தா பென்ஷன் வாங்கும் வீடுகளில் ஷோகேஸ் என்று ஒன்று இருக்குமே, அதில் ஈஃபில் கோபுரத்துக்கும் கெப்பி தொப்பிக்கும் நடுவில் கருப்பாக, முட்டை வடிவில் உட்கார்ந்திருந்ததே, அது மிச்செல் 300. மோன் பிளாங் மலைப்பக்கம் க்ளூஸ் என்ற ஊரில் கார்ப்பானோ எ போன் கம்பெனி செய்தது. க்ளூஸ் கடிகாரத் தொழில் ஊர், அதனால்தான் அதைச் சுற்றும்போது அப்படி ஒரு வழுவழுப்பு. பெரியப்பா சாப்பிட்டுத் தூங்கிய பிறகு அதை எடுத்துச் சும்மா சுற்றிச் சுற்றி "கிர்ர்" சத்தம் கேட்போம். நம் ஊர் அரசலாற்றுக்கு ஒரு நாளும் போகவில்லை அது. 300க்குக் கைப்பிடி இடது பக்கம். "பீச்சாங்கையால சுத்துனா மீன் வருமாடா, மூதேவிதான் வரும்" என்று பெரியம்மா சொல்லிவிட்டார், வழக்கு முடிந்தது. வலதுகையால் சுற்ற 301 என்று தனியாக ஒன்று செய்தார்கள் என்பதை இப்போதுதான் அறிந்தேன். அந்த 301-ஐ வாங்கி வந்திருந்தால் நம் பரம்பரையின் மீன்பிடி வரலாறே வேறு. இப்போது வரும் ரீல்களில் கைப்பிடியைக் கழற்றி எந்தப் பக்கமும் மாட்டலாம். தெருச் சந்தைகளில் மிச்செல் 300 பழைய செருப்போடு கிடக்கிறது. பார்க்கும்போதெல்லாம் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் நகர்கிறேன்.

இனிச் சட்டம். இங்கே ஆற்றிலோ ஏரியிலோ தூண்டில் போட ஆண்டுக்கு நூறு யூரோவை ஒட்டிப் பணம் கட்டி அட்டை வாங்க வேண்டும். சூரிய உதயத்துக்கு அரைமணி முன்னால் தொடங்கி, மறைந்து அரைமணியில் முடிக்க வேண்டும். இரவில் கெண்டைக்கு மட்டும், அதுவும் அனுமதித்த இடத்தில். பிரோஷே என்ற பல்லன் மீனுக்கு ஜனவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் கடைசி வரை விடுமுறை. நம் கடலிலும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுக்குத் தடை உண்டு, அது நியாயம். ஆனால் வாய்க்கால் மீனுக்கு நாம் பார்த்த ஒரே அட்டவணை மேட்டூர். ஜூன் 12-இல் திறந்தார்கள் என்று ரேடியோ சொல்லும், கடைமடைக்காரர்களான நாம் கழியைத் துடைத்து வைத்துக்கொண்டு புதுத்தண்ணீர் வருமா வருமா என்று வாஞ்சியாற்றங்கரையில் காய்ந்து கிடப்போம். தண்ணீர் வந்த அன்று பள்ளிக்கூடத்தில் பாதி பெஞ்சு காலி.

சரி, உனக்கு என்ன வாங்கலாம் என்று யோசித்து வைத்திருக்கிறேன். நீ போடப்போவது அரசலாற்று முகத்துவாரத்தில். அங்கே கொடுவா, செப்பிலி, பாறை. இங்கே பிரெத்தாஞ் கடற்கரையில் பார் என்று ஒரு மீன், கொடுவா மாதிரியே திமிர் பிடித்தது. அதைப் பிடிக்கும் தடிதான் உனக்குச் சரி. 2.40 மீட்டர், 15-40 கிராம், நாலு துண்டாகப் பிரிவது. ஒவ்வொரு துண்டும் 60 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும், பெட்டிக்குள் படுத்துக்கொள்ளும். 4000 அளவு ரீல், பின்னல் நரம்பு. கரையிலிருந்து வந்தவுடன் ரீலை நல்ல தண்ணீரில் லேசாகக் கழுவித் துடை. நம் ஊர் உப்புக்காற்று ஜன்னல் கம்பியையே தின்கிறது, ரீலை விடுமா? முக்கியமாக, ஷோகேசில் வைக்காதே. வைத்தாய் என்று தெரிந்தால் நானே வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

இரண்டுக்குமாக 130 ஆகும் போலிருக்கிறது. வீட்டில் விலை கேட்டால் 130 என்று மட்டும் சொல். ரூபாயா யூரோவா என்று அவர்களாகக் கேட்கிறவரை நீயாக வாய் திறக்காதே.

அன்புடன்,
மச்சான்