காணாத ஆட்டமே கண்ணில் நிற்கும்: ஹட்டன் சலூன் மரபில் பழைய டெனிஸ் குறித்து ஒரு பேராய்வு

தோற்றுவாய்

ஆய்வு என்றால் முதலில் ஓர் இடைவெளியைக் கண்டுபிடிக்க வேண்டும். "இத்துறையில் இதுவரை எவரும் ஆய்வு செய்யவில்லை" என்று முதல் பத்தியில் எழுதாத கட்டுரை அச்சேறுவதில்லை. நான் கண்டுபிடித்த இடைவெளி, ஹட்டன் டவுனில் ஒரு சலூனின் பெஞ்சுக்கும் அதற்குப் பின்னால் உள்ள சுவருக்கும் நடுவே இருக்கிறது. பெஞ்சில் நாலு பேர் உட்காரலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு பேர் உட்கார்ந்து பழைய டெனிஸ் ஆட்டங்களைப் பேசுகிறார்கள். இத்துறையில் இதுவரை எவரும் ஆய்வு செய்யவில்லை.

செய்திருக்கலாம். 2023இல், மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டு என்று ஊரெல்லாம் கருத்தரங்கு நடந்தபோது, கொழும்பிலிருந்தும் கடலுக்கு அப்பாலிருந்தும் ஆய்வாளர்கள் மலையேறி வந்தார்கள். லயத்துக் கூரையைப் படமெடுத்தார்கள். அட்டை கடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். போரிஸ் பெக்கரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பெஞ்சுக்காரர்களுக்கு அந்த மனத்தாங்கல் இன்னும் இருக்கிறது.

திணை: குறிஞ்சி. (மலைநாட்டைப் பற்றி எழுதும்போது இதைப் போட்டே ஆக வேண்டும். காரணம் கேட்கக் கூடாது.)

முறையியல்

மாதிரிக்கூறு, முடிவெட்ட வந்தவர்கள். தரவு சேகரிப்பு மூன்று மாதம் நடந்தது. ஆய்வாளர் தலையில் வெட்ட ஒன்றும் மிஞ்சாததால் நிறுத்தப்பட்டது.

இயல் 1: நினைவோர் வகைப்பாடு

பழைய டெனிஸை நினைவுகூர்வோர் நால்வகைப்படுவர்.

முதலாமவர் பந்து பொறுக்கியோர். துரைமார் பங்களாக்களில் டெனிஸ் கோர்ட் இருந்த காலத்தில், வேலிக்கு வெளியே நின்று, தேயிலைச் செடிக்குள் போன பந்தை எடுத்துக் கொடுத்த பையன்கள். 1972லும் 1975லும் நிலச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசு கைக்குப் போனதும், மிச்சமிருந்த வெள்ளைக்காரத் துரைமாரும் கப்பலேறினார்கள். வலை போயிற்று, கோர்ட்டில் லீக்ஸ் முளைத்தது. ஆட்டத்தை இவர்கள் நேரில் பார்த்தவர்கள் என்பதால் இவர்கள் சொல்வதை பெஞ்சில் யாரும் பொருட்படுத்துவதில்லை. "பெரிய தொரைக்கு பேக்ஹேண்டே வராதுங்க" என்று ஒருவர் சாட்சி சொன்னபோது, "அது ஆட்டமா?" என்று ஒரே குரலில் தள்ளிவிட்டார்கள்.

இரண்டாமவர் ரேடியோக்காரர்.

மூன்றாமவர் பேட்டரிக்காரர். லயத்துக்குக் கரண்ட் வராத காலத்தில், கார் பேட்டரியை டவுனில் சார்ஜ் பண்ணிக்கொண்டு வந்து டிவி பார்த்தவர்கள். பேட்டரி எப்போதும் ஐந்தாவது செட்டில்தான் தீரும். இவர்களைப் பற்றிப் பின்னர் விரித்துரைக்கப்படும்.

நான்காமவர் டிஷ்காரர். எல்லா ஆட்டத்தையும் முழுதாகப் பார்த்தவர்கள். ஆகவே ஒன்றும் ஞாபகமில்லை.

பெண்களை ஏன் சேர்க்கவில்லை என்று ஆய்வுநெறியாளர் ஒருவர் கேட்டார். கேட்டுப் பார்த்தேன். கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டி, நிமிர்ந்து டிவியைப் பார்த்தால் ஆட்டம் முடிந்திருக்குமாம். 1988இல் பாரிஸில் ஸ்டெஃபி கிராஃப் இறுதி ஆட்டத்தை 6-0, 6-0 என்று அரைமணி நேரம் சொச்சத்தில் முடித்தது ஒரு அக்காவுக்கு மட்டும் நினைவிருக்கிறது. "மரவள்ளி வேகுறதுக்குள்ள முடிச்சிட்டா தம்பி. வேல தெரிஞ்ச புள்ள." இந்த ஆய்வில் கிடைத்த ஒரே நம்பகமான தரவு இது. முடிவுகளில் சேர்க்கப்படவில்லை.

இயல் 2: நாற்பது ஏன் நாற்பது?

டெனிஸில் புள்ளிகள் 15, 30, 40 என்று போகின்றன. 45 ஏன் இல்லை என்பதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் கடிகார முள்ளை வைத்து ஏதோ விளக்கம் சொல்கிறார்கள். பெஞ்சு ஏற்பதில்லை. முதல் நிறுவை 15. இரண்டாம் நிறுவை 15, ஆக 30. மூன்றாவதும் 15தான், ஆனால் ஈரத்துக்கும் சாக்குக்கும் 5 கழிவு. ஆக 40. கொழுந்துத் தராசைப் பார்த்தவர்களுக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை (வெறுந்தேத்தண்ணி உரை, குவளை 1).

இயல் 3: 'நம்ம ஆளு' என்னும் சொல்லும் சமாதான விதியும்

இராமநாதன் கிருஷ்ணன் 1960லும் 1961லும் விம்பிள்டனில் அரையிறுதிவரை போனார். 1961இல் ரோய் எமர்சனை நேர் செட்களில் வீழ்த்தினார். ரேடியோக்காரர்களுக்கு அவர் 'நம்ம ஆளு'.

இங்கே மொழியியல் சிக்கல் ஒன்று எழுகிறது. கிருஷ்ணன் மதராஸிலிருந்து போனவர். அவரை 'நம்ம' என்று சொன்னவர் டிக்கோயாவில் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவர். 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அவர் இலங்கையர் இல்லை. இந்தியாவும் அவரை உடனே 'நம்ம' என்று சொல்லிவிடவில்லை. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, அங்கே 525,000 பேர், இங்கே 300,000 பேர் என்று பிரித்தார்கள். மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று வைத்தார்கள். ஆகவே 1961இல் 'நம்ம' என்ற சொல்லுக்கு எந்தப் பதிவேட்டிலும் பொருள் இல்லை. கிருஷ்ணனின் சர்வீஸ் மட்டும் அந்தப் பக்கம் போய் விழுந்தது. மெதுவாகத்தான் விழும் என்பதில் எல்லா வகையினரும் ஒன்றுபடுகிறார்கள். "தொட்டுத்தான் வெளையாடுவாரு, அடிக்கவே மாட்டாரு" (மேற்படி உரை, குவளை 2, சீனி போடாதது).

சமாதான விதியாவது: நம்ம ஆளைத் தோற்கடித்தவனே கடைசியில் கப்பையும் எடுப்பான், ஆகவே நம்ம ஆளு உண்மையில் இரண்டாவது. 1960இல் கிருஷ்ணனை வென்ற நீல் ஃபிரேசர் சாம்பியன். 1961இல் வென்ற ரொட் லேவர் சாம்பியன். 1973 காலிறுதியில் விஜய் அமிர்தராஜை ஐந்து செட்டில் வென்ற யான் கோடெஷ் சாம்பியன். அது 81 ஆட்டக்காரர்கள் பகிஷ்கரித்த வருடம் என்று ஒரு டிஷ்காரர் ஆட்சேபித்தார். அவருக்கு அன்று கடைசியாகத்தான் முடி வெட்டப்பட்டது. 1981இல் விஜய் முதல் இரண்டு செட்டையும் எடுத்துவிட்டு ஜிம்மி கொனர்ஸிடம் தோற்றார். கொனர்ஸோ அடுத்த ஆட்டத்தில் போர்க்கிடம் தோற்றுப்போனார். விதி உடைந்தது. தவறு கொனர்ஸுடையது என்பதே சலூன் முடிபு.

இயல் 4: இருமழைக் கோட்பாடு

இனி இவ்வாய்வின் உயிர்நாடிக்கு வருவோம்.

விம்பிள்டன் நடப்பது ஜூன் கடைசியிலும் ஜூலை தொடக்கத்திலும். தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் இறங்கி வட்டவளை, ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா என்று ஊறப்போடுவதும் அதே வாரங்களில்தான். லண்டனில் மழை பெய்தால் ஆட்டம் நிற்கும். ஹட்டனில் மழை பெய்தால் கரண்ட் நிற்கும். ஆக, ஒரே ஆட்டத்தில் இரண்டு மழை. முந்தியதைப் புறமழை என்றும் பிந்தியதை அகமழை என்றும் கொள்க.

புறமழையால் விழும் ஓட்டை எல்லாருக்கும் பொது. அகமழையால் விழும் ஓட்டை தோட்டத்துக்குத் தோட்டம் வேறு. மேல் டிவிசனில் இரண்டாவது செட்டில் கரண்ட் போயிருக்கும்; கீழ் டிவிசனில் நான்காவதில். பேட்டரி வைத்திருந்த வீட்டில் கரண்டுக்கு வேலையில்லை, ஆனால் தகரக்கூரையில் மழை அடிக்கும் சத்தத்தில் வர்ணனை கேட்காது. படம் மட்டும் வாயசைக்கும். இப்படிக் கிழிந்த துணிகளை அடுத்த ஞாயிறு பெஞ்சில் சேர்த்துத் தைக்கும்போது, கிழிசலைவிட ஒட்டு பெரிதாகிவிடுகிறது. 1985இல் பதினேழு வயது பெக்கர் கெவின் கரனை வென்ற இறுதி ஆட்டம், நிகழ்ந்தது நான்கு செட், சலூன் பதிப்பில் ஆறு (இஸ்தோப்புப் பேச்சு, மழைக்கு முந்திய பதிப்பு, மழைக்குப் பிந்திய பதிப்பில் இந்த வரி இல்லை, இடைச்செருகலாகலாம்).

இதில் மிகப் பெரிய பாடபேதம் 1980ஆம் ஆண்டின் டை-பிரேக். ஜூலை 5, போர்க்குக்கும் மெக்கன்ரோவுக்கும் இறுதி ஆட்டம், நான்காவது செட். மெக்கன்ரோ அதை 18-16 என்று எடுத்தார். ஐந்தாவதை 8-6 என்று எடுத்துக் கப்பைப் போர்க் கொண்டுபோனார். பெஞ்சில் நாலு பேர் அதை நேரடியாக டிவியில் பார்த்ததாகச் சத்தியம் செய்கிறார்கள். ஒருவர் போர்க்கின் தலைப்பட்டியின் நிறத்தைக் கூடச் சொன்னார்.

ரூபவாஹினி தொடங்கியது 1982 பெப்ரவரியில். அதற்கு முன் 1979இல் வந்த ஐ.டி.என். கொழும்பையும் சுற்றுப்புறத்தையும் தாண்டவில்லை. போர்க் கடைசியாக விம்பிள்டனில் ஆடியது 1981. அதாவது பிதுருதலாகல உச்சியில், 2,524 மீட்டர் உயரத்தில், கோபுரம் நிமிர்ந்து அலை இறங்கத் தொடங்கியபோது, போர்க் விம்பிள்டனை முடித்துக்கொண்டு போய்விட்டார். ஹட்டனில் அவர் ஆடியதை நேரடியாகப் பார்த்த கண் ஒன்றுகூட இருக்க வாய்ப்பில்லை.

இதை நான் ஆதாரங்களோடு பெஞ்சில் வைத்தேன். அமைதி நிலவியது. கத்திரிக்கோல் கூட நின்றது. பிறகு மூத்தவர் ஒருவர் சொன்னார்: "தம்பி, நீங்க படிச்சவங்க. தேதி எல்லாம் சரியா வச்சிருக்கீங்க. ஆனா அன்னைக்கி மழ பெஞ்சிச்சே, அது ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. (காண்க: சலூன் கண்ணாடியில் சவர நுரையால் வரைந்த கோர்ட்டின் படம், இடது மூலை. ஒப்புநோக்குக: துடைக்கப்பட்ட பிறகு அதே கண்ணாடி. மேலும் காண்க: துடைத்த துணி, அதில் மெக்கன்ரோவின் 'செட் பொயின்ட்' எனத் தோன்றும் கறை ஒன்று உள்ளது. அது சாயம் என்போரும் உளர்.)

கோட்பாட்டின் பொற்காலம் 2008. ஜூலை 6, ஞாயிறு. மழையால் தாமதமாகத் தொடங்கி, மழையால் இருமுறை நின்று, இருட்டில் தட்டுத்தடுமாறி, ஐந்தாவது செட்டில் 9-7 என்று நடால் ஃபெடரரை வென்றபோது லண்டனில் இரவு 9.16. ஹட்டனில் விடிந்தால் திங்கள், அதிகாலை 1.46. பெரட்டுக்கு இன்னும் சில மணி நேரம்தான். அன்று பெரட்டுக்குப் போனவர்களில் பாதிப் பேர் ஃபெடரருக்காகக் கண் சிவந்திருந்தார்கள் என்றும் மீதிப் பேர் தூக்கமின்றிச் சிவந்திருந்தார்கள் என்றும் இருவேறு பள்ளிகள் உண்டு. கங்காணி மூன்றாவது பள்ளி. அவர் வேறு காரணம் சொன்னார்.

அடுத்த வருடமே, 2009இல், விம்பிள்டன் சென்டர் கோர்ட்டுக்குக் கூரை போட்டுவிட்டார்கள். மழை வந்தால் மூடிக்கொள்ளும். புறமழை ஒழிந்தது, கோட்பாட்டின் ஒரு கால் முறிந்தது. இருநூறு வருடமாகக் கூரை கேட்டவர்கள் இங்கே இருக்க, கூரையை அங்கே போட்டார்கள் என்று பெஞ்சில் ஒருவர் சொன்னார். ஆய்வுக்குத் தொடர்பில்லாததால் குறித்துக்கொள்ளவில்லை.

இயல் 5: ஐஸ்னர்–மயூ

2010இல் மூன்று நாள், 11 மணி 5 நிமிடம், கடைசி செட் 70-68. எல்லாரும் பார்த்தார்கள். ஒருவரும் பேசுவதில்லை.

இயல் 6: காணாமையின் எல்லை

இதுவரை கூறியதால் ஒரு சூத்திரம் பெறப்படும்: கண்டது குறையக் குறைய நினைவு தெளியும். அப்படியானால், யாருமே கண்டிராத ஓர் ஆட்டம் இருக்குமானால் அதன் நினைவே பூரணமானது. கணக்கின்படி அப்படி ஒன்று இருந்தாக வேண்டும் என்று எழுதிவிட்டு, அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை எதிர்கால ஆய்வாளர்களுக்கு விட்டுவிட நினைத்தேன். அதுதான் வழக்கம். ஆனால் பெஞ்சு அதை எப்போதோ கண்டுபிடித்து வைத்திருந்தது.

1974, டேவிஸ் கப் இறுதி. இந்தியாவும் தென்னாபிரிக்காவும். விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள் இருந்த அணி. நிறவெறி ஆட்சி நடத்தும் நாட்டோடு ஆட மாட்டோம் என்று இந்தியா விலகியது. ஒரு பந்து கூட அடிபடவில்லை. கப் தென்னாபிரிக்காவுக்குப் போனது.

அந்த ஆட்டத்தைச் சலூனில் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. பந்து பொறுக்கியோர், ரேடியோக்காரர், பேட்டரிக்காரர் மூவரும் ஒத்துப்போகும் ஒரே ஆட்டம். டிஷ்காரர் கூட வாய் திறக்கவில்லை. விஜய் முதல் செட்டை 6-4 என்று எடுத்தார். இரண்டாவதில் கொஞ்சம் இழுபறி, 9-7 என்பார் சிலர், 10-8 என்பது பின்சுவர்ப் பாடம் (சலூன் பின்சுவர், சுண்ணாம்பு மூன்றாம் படை, அதன் மேல் ஒட்டிய நாட்காட்டியைத் தூக்கிப் பார்த்தல் வேண்டும், நாட்காட்டியைத் தூக்க உரிமையாளர் சம்மதிக்கவில்லை, ஆகவே நாட்காட்டி வழி).

"மூணாவது செட் என்னாச்சி அண்ணே?" என்று கேட்டேன்.

மூத்தவர் என்னைப் பார்த்தார். பெஞ்சும் பார்த்தது.

"மூணாவதுல மழ வந்துருச்சி, தம்பி."