ஆகாயத்தில் ஒரு பங்காளிச் சண்டை

1965-இல் அமெரிக்கா வட வியட்நாமின் மீது குண்டு போட ஆரம்பித்தது. போடுவதற்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள். விமானப்படை தாய்லாந்திலிருந்து பறந்து வரும். கடற்படை டோங்கின் வளைகுடாவில் கப்பலை நிறுத்திவைத்துக்கொண்டு அங்கிருந்து வரும். இரண்டு பேரும் கலந்து பேசி, சேர்ந்து பறந்திருக்கலாம். அதைவிட ஹோ சி மின்னிடம் பேசுவது சுலபம் என்று இருவருக்குமே பட்டிருக்க வேண்டும். அடுத்தவன் நாட்டு வரைபடத்தை மேசையில் விரித்துக் கோடு கிழித்து, ஆறு பாகமாகப் பிரித்தார்கள். ஆறாவது பாகத்தில் ஹனோயும் ஹைபோங்கும் இருந்தன. அதை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. சரி என்று அதையும் 6-ஏ, 6-பி என்று நறுக்கி, மேற்கே ஹனோய் விமானப்படைக்கு, கிழக்கே ஹைபோங் கடற்படைக்கு என்று முடித்தார்கள். நம் ஊரில் பங்காளிகள் வரப்புக்கு அடித்துக்கொள்வது இதேபோலத்தான். ஆனால் இவர்கள் பாகம் பிரித்தது அப்பன் சொத்தை அல்ல.

பிரித்த பிறகு, யார் அதிகத் தடவை பறந்தார் என்று போட்டி. 1966-இல் குண்டுகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. அதனால் என்ன? பாதிச் சுமையோடு விமானங்கள் கிளம்பின. எண்ணிக்கைதானே முக்கியம்! கீழே இருந்து சுடுகிறவனுக்கு மட்டும் எந்தத் தட்டுப்பாடும் இல்லை.

இந்தப் பகையின் வயதைச் சொல்லிவிடுகிறேன். கடற்படைதான் மூத்தவர். விமானப்படை 1947-இல்தான் தரைப்படையிடமிருந்து தனிக்குடித்தனம் போனது. போன கையோடு, இனி யுத்தம் எல்லாம் எங்கள் அணுகுண்டு விமானத்தோடு முடிந்தது, கப்பல் எதற்கு என்று கேட்டது. 1949 ஏப்ரல் 18 அன்று கடற்படை ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ என்று பேர் வைத்து ஒரு பிரம்மாண்டமான விமானந்தாங்கிக் கப்பலுக்கு அடித்தளம் போட்டது. ஐந்தாம் நாள், ஏப்ரல் 23, பாதுகாப்பு அமைச்சர் வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். அந்தப் பணம் பி-36 குண்டுவீச்சு விமானத்துக்குப் போகிறது என்று அட்மிரல்கள் கொதித்தெழுந்தார்கள். வரலாற்றுப் புத்தகங்களில் அதற்கு ‘அட்மிரல்களின் கலகம்’ என்றே பெயர்.

அப்புறம் வந்தது ஃபாண்டம். கடற்படைக்காகச் செய்த விமானம் அது. பாதுகாப்பு அமைச்சர் மெக்னமாரா கணக்குப் போடும் மனிதர். இரண்டு பேருக்கும் ஒரே விமானம் போதும் என்று விமானப்படையின் தலையில் அதையே கட்டினார். கடற்படை அதை எஃப்4எச் என்றது. அந்தப் பெயரை வாயால் சொன்னால் மரியாதைக் குறைவல்லவா? விமானப்படை எஃப்-110 என்றது. ஒரே விமானத்துக்கு இரண்டு பெயர். 1962-இல் எல்லாப் படைகளுக்கும் பொதுவான பெயர்முறை வந்து, அது எஃப்-4 ஆனது. பெயர் ஒன்றானதே தவிர எரிபொருள் வாய் ஒன்றாகவில்லை. கடற்படை விமானம் குழாயை நீட்டி, டேங்கர் விமானம் தொங்கவிடும் கூடையில் செருகிக் குடிக்கும். விமானப்படை விமானத்துக்கு டேங்கரிலிருந்து ஒரு தண்டு இறங்கி முதுகில் ஊட்டிவிட வேண்டும்.

இந்தக் கூத்தின் உச்சம் 1967 மே 31. டோங்கின் வளைகுடா மேல் கடற்படையின் இரண்டு டேங்கர்கள் எரிபொருள் தீரும் நிலையில் தவித்தன. அவற்றின் வயிற்றில் அடுத்தவருக்குக் கொடுக்க எரிபொருள் இருந்தது. ஆனால் அதைத் தாங்களே குடிக்க வழியில்லாத அமைப்பு! நல்லவேளை, அந்தப் பக்கம் வந்த விமானப்படை டேங்கரில் அன்றைக்குக் கூடை மாட்டியிருந்தார்கள். அது கடற்படை டேங்கருக்கு ஊட்ட, குடித்துக்கொண்டே அந்த டேங்கர் ஒரு கடற்படைப் போர்விமானத்துக்கு ஊட்ட, மூன்று விமானங்கள் ஒரே சங்கிலியாகப் பறந்தன. விமானப்படைக் குழுவினருக்கு மெக்கே கோப்பை கொடுத்தார்கள். இரு படைகளும் ஒத்துழைத்தால் விருது கொடுக்கிற அளவுக்கு அது அபூர்வமாக இருந்திருக்கிறது.

இனி ஏவுகணை. விமானச் சண்டையில் துப்பாக்கிக்குக் காலம் முடிந்தது, எல்லாம் ஏவுகணைதான் என்று நம்பி ஃபாண்டத்தைத் துப்பாக்கியே இல்லாமல் செய்திருந்தார்கள். விமானப்படையின் சொந்தத் தயாரிப்பான ஃபால்கனை ஏவுவதற்கு முன் குளிரூட்ட வேண்டும். குளிரூட்டும் வாயு இரண்டு நிமிடம்தான் வரும். அதற்குள் எதிரி ஒத்துழைக்க வேண்டும். ஏவினாலும் பக்கத்தில் போனால் வெடிக்காது, நேராக மோதினால்தான் உண்டு. பெரிய மீசைக்காரக் கர்னல் ராபின் ஓல்ட்ஸ் சில நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு தன் படைப்பிரிவின் விமானங்களில் ஒயரிங்கையே மாற்றி, ஃபால்கனைக் கழற்றிவிட்டு சைட்வைண்டரை மாட்டினார். சைட்வைண்டர் யாருடையது என்கிறீர்கள்? கடற்படையின் சைனா லேக் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது.

கடற்படையும் ரொம்ப மெச்சிக்கொள்ள முடியாது. கொரியப் போரில் எதிரி விமானம் பத்து விழுந்தால் நம்முடையது ஒன்று விழும் என்று பெருமை பேசிய நாடு, வியட்நாமில் இரண்டுக்கு ஒன்று, இரண்டரைக்கு ஒன்று என்று இறங்கியிருந்தது. 1968-இல் காப்டன் ஃபிராங்க் ஆல்ட் என்பவரை விசாரிக்கச் சொன்னார்கள். குண்டு போட ஆரம்பித்ததிலிருந்து மூன்று வருடத்தில் ஏவிய ஏறத்தாழ 600 ஏவுகணைகளில் பத்தில் ஒன்றுதான் பலித்திருந்தது. மனிதர் தொழிற்சாலை, கிடங்கு, கப்பல், விமானி என்று ஒருவரையும் விடாமல் 242 பரிந்துரைகளை எழுதிவைத்தார். அதில் ஒன்று: விமானச் சண்டைக்கு என்று தனியாக ஒரு பள்ளிக்கூடம் வைக்கலாமே.

வைத்தார்கள். 1969 மார்ச் 3, கலிஃபோர்னியாவில் மிராமர் தளம். பின்னாளில் டாப் கன் என்று உலகமே கைதட்டிய பள்ளிக்குக் கட்டடம் கிடையாது, பணம் கிடையாது. தளத்தில் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு பழைய ட்ரெய்லரை, கிரேன் ஓட்டுநருக்கு ஒரு பெட்டி ஸ்காட்ச் கொடுத்து நகர்த்திக்கொண்டு வந்தார்கள் என்று அந்த ஆசிரியர்களே சொல்லியிருக்கிறார்கள். ராணுவ நடைமுறையில் இவ்வளவு சீக்கிரம் முடிந்த காரியம் வேறு இருக்காது.

பாடத்திட்டம் எளிது. ஃபாண்டம் ஃபாண்டத்தோடு மோதிப் பழகினால் ஃபாண்டத்தை வீழ்த்தத்தான் வரும். எதிரி வைத்திருப்பதோ சிறிய, சுருக்கென்று திரும்பும் சோவியத் மிக். ஆகவே மிக்-17 மாதிரி பறக்க ஏ-4 ஸ்கைஹாக்கையும், மிக்-21 மாதிரி பறக்க டி-38 விமானத்தையும் ஆசிரியர்கள் எடுத்துக்கொண்டார்கள். அசல் மிக்கும் கையில் இருந்தது. 1966-இல் முனீர் ரெட்ஃபா என்ற இராக் விமானி ஒரு மிக்-21-ஐ ஓட்டிக்கொண்டு இஸ்ரேலில் போய் இறங்கினார். இஸ்ரேலியர்கள் அதற்கு 007 என்று எண் போட்டார்கள். 1968-இல் அதை இரவல் வாங்கி நெவாடா பாலைவனத்தில் ஒளித்துவைத்து விமானப்படையும் கடற்படையும் பறந்து பார்த்தன. ரகசியம் என்று வந்தால் மட்டும் இரண்டு பேரும் ஒன்றாக உட்காருவார்கள்.

1972-இல் சண்டை மறுபடி சூடானபோது கடற்படையின் கணக்கு 12-க்கு 1 என்று ஏறியது. விமானப்படையின் கணக்கு அதே இரண்டைச் சுற்றியே நின்றது. எங்களுக்கு வாய்த்தவை மிக்-21, தரை ராடார் வழிநடத்த முதுகுப்பக்கம் வருபவை, கடற்படைக்கு வந்தவை பெரும்பாலும் பழைய மிக்-17 என்று விமானப்படையினர் சமாதானம் சொல்வார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் வேறு ரக விமானத்தோடு மோதிப் பழகுவது ஆபத்து, விபத்து நடந்தால் யார் பதில் சொல்வது என்று அந்தப் பயிற்சியையே ஒதுக்கிவைத்திருந்தவர்களும் அவர்கள்தான். பயிற்சியில் விபத்து வேண்டாம், போரில் விழுந்தால் பரவாயில்லை என்பதும் ஒரு கொள்கைதான்.

அந்த ஆகஸ்டில் நடந்தது எனக்குப் பிடித்த காட்சி. ஹான்காக் கப்பலிலிருந்து கடற்படையின் சில எஃப்-8 க்ரூசேடர்கள் தாய்லாந்தில் விமானப்படையின் உடோர்ன் தளத்துக்கு விருந்தாளியாக வந்தன, பயிற்சி கொடுக்க. விமானப்படை நான்கு நான்காகச் சேர்ந்து பறக்கும். தலைவர் சுடுவார், மற்றவர்கள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு கூடவே போவார்கள். கடற்படை இரண்டு இரண்டாகப் பறக்கும், வாய்ப்புக் கிடைத்தவர் சுடலாம். மிக் வேடம் போட்ட க்ரூசேடர்களிடம் நால்வர் அணிகள் பட்ட பாட்டை விவரிப்பது நாகரிகமல்ல. ஆனால் வாழ்நாள் முழுக்கப் பகைத்தவனைவிட நல்ல எதிரி பயிற்சிக்கு எங்கே கிடைப்பான்? விட்டுக்கொடுக்க மாட்டான், முகதாட்சண்யத்துக்காகத் தோற்க மாட்டான், ஜெயித்தால் பத்து வருஷம் சொல்லிக்காட்டுவான். இருபது வருடமாகக் கமிட்டிகளில் வீணாக்கிய பகைக்கு அங்கேதான் ஓர் உருப்படியான வேலை கிடைத்தது.

அந்த ஆண்டு அக்டோபரில் விமானப்படை நெவாடாவின் நெல்லிஸ் தளத்தில் எதிரி வேடம் போடுவதையே தொழிலாகக் கொண்ட அணியைத் தொடங்கியது. முதல் பத்துப் போர்ப் பறப்பைத் தாண்டிவிட்ட விமானி பிழைத்துக்கொள்வான் என்று ஆய்வுகள் சொல்ல, அந்தப் பத்தையும் பாலைவனத்திலேயே பறக்கவிடலாம் என்றார் ‘மூடி’ சூட்டர் என்ற அதிகாரி. 1975 நவம்பரில் ரெட் ஃபிளாக் என்ற பயிற்சி பிறந்தது. பிற்பாடு கடற்படையும் வந்து கலந்துகொண்டது.

1977-இல் நாடாளுமன்றமே இரண்டு பேரையும் நெல்லிஸில் கொண்டுவந்து நிறுத்தியது. அடுத்த குறுந்தூர ஏவுகணை எது என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, மோதிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று உத்தரவு. ஒரு பக்கம் கடற்படையின் எஃப்-14, விமானப்படையின் எஃப்-15. நாட்டிலேயே விலை கூடிய இரண்டும் ஒரே கட்சி. எதிர்க்கட்சி எஃப்-5, மலிவான குட்டி விமானம். நூறு மைல் பார்க்கும் ராடார் இருந்தென்ன, எதிரியைக் கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகுதான் சுடலாம் என்று விதி. எஃப்-14-க்குத் தொலைநோக்குக் கேமரா பொருத்தினார்கள். எஃப்-15 விமானிகள் வேட்டைத் துப்பாக்கியில் மாட்டும் தொலைநோக்கியை வாங்கி விமானி அறையில் மாட்டிக்கொண்டார்கள். எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? எஃப்-5-இல் ராடார் எச்சரிக்கைக் கருவி கிடையாது. நெடுஞ்சாலையில் போலீஸ் வேகக் கண்காணிப்பு ராடாரைக் காட்டிக்கொடுக்க கார்க்காரர்கள் வைத்திருக்கும் ஃபஸ்பஸ்டர் பெட்டியை வாங்கி முன்பலகையில் வைத்தார்கள். எஃப்-15 ராடாரைத் திருப்பியதும் பெட்டி கத்தியது!

ஒன்றுக்கு ஒன்று மோதியபோது பெரியவை ஜெயித்தன. நான்குக்கு நான்கு என்று கூட்டம் சேர்ந்ததும் கணக்குச் சமனை நோக்கி இறங்கியது. காரணம் சுலபம். பெரிய விமானத்தின் ஸ்பேரோ ஏவுகணை இலக்கை எட்டும்வரை விமானம் ராடாரை அதன் மேலேயே பிடித்திருக்க வேண்டும். அதற்குள் குட்டி விமானம் வெப்பத்தைத் துரத்தும் ஏவுகணையை விட்டுவிட்டுச் சாகும். இரண்டும் சேர்ந்தே சாகும். விலை கூடிய விமானக் கட்சி நாங்கள் வென்றோம் என்றது, மலிவு விமானக் கட்சியும் நாங்கள்தான் வென்றோம் என்றது. ஒரு நல்லது நடந்தது: ஏவிவிட்டுத் திரும்பிவிடலாம் என்ற ஆம்ராம் ஏவுகணையை இரு படைகளும் கூட்டாகவே உருவாக்கின.

அடுத்து 1979-இல், டோனோபா பாலைவனத்தில் அசல் மிக்குகளை வைத்து ரகசிய அணி. ஓட்டியவர்கள் விமானப்படை, கடற்படை, மரீன் மூவரும் கலந்து. 1988 வரை 15,000-க்கும் மேற்பட்ட பறப்புகள், ஏறக்குறைய 6,000 பேருக்குப் பாடம். விஷயம் வெளியே வந்தது 2006-இல்.

1986-இல் டாம் க்ரூஸ் நடித்த படம் வந்து டாப் கன்னை உலகத்துக்கே அறிமுகம் செய்தது. அதில் வருகிற பயங்கரமான மிக்-28 வேறெதுவுமில்லை, கறுப்புச் சாயம் பூசிய அதே எஃப்-5. பத்து வருடம் கழித்துப் பள்ளிக்கூடமே நெவாடாவில் ஃபாலனுக்குக் குடிபெயர்ந்து, நெல்லிஸ் இருக்கிற மாநிலத்துக்கே வந்து சேர்ந்தது. அந்தப் பள்ளியில் யாராவது படத்திலிருந்து ஒரு வசனம் பேசினால் இன்றைக்கும் ஐந்து டாலர் அபராதம்.