வானம் பார்த்த டிரஸ்ட்டு

வா அப்பு, உக்காரு. டிரஸ்ட்டு ஆரம்பிச்சிருக்கியாமே? பரளச்சி பஸ் ஸ்டாப்புல இறங்குனதுமே போர்டு கண்ணுல அடிக்குது. குதிரைவாலி போடுற சம்சாரிகளைக் கரையேத்தப் போறேங்கிறே, சந்தோசம். பணத்துக்கு என்ன வழின்னா, "ப்ரபோசல் அனுப்பியிருக்கோம் தாத்தா"ங்கிறே. வானம் பார்த்த பூமியில பெறந்தவன் வானம் பார்த்த டிரஸ்ட்டு வச்சா பொருத்தந்தான்.

ஆனா ஒண்ணு, யாவாரம் மட்டும் பண்ணிப்புடாதே, கை அழுக்காயிரும். வெளிநாட்டுப் பணம் வரும். 2020-ல சட்டத்தைத் திருத்தி, அந்தப் பணத்தைப் பெரிய டிரஸ்ட்டு சின்ன டிரஸ்ட்டுக்குப் பிரிச்சுக் குடுக்கக் கூடாதுன்னுட்டாக. அதனால என்ன, நீ மனு எழுதிக்கிட்டே இரு. எழுத்தாவது அழகாகும்.

எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்துல ஒரு புத்தி கெட்ட மனுசன் பெறந்தாரு. கோவிந்தப்ப வெங்கடசாமின்னு பேரு. முடக்குவாதத்துல விரல் கோணிப்போன கண் டாக்டர். சர்க்கார் வேலையில ஓய்வு வாங்குனா திண்ணையில உக்கார வேண்டாமா? 1976-ல மதுரையில பதினோரு படுக்கை போட்டு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியை ஆரம்பிச்சாரு. தருமம் பண்றவரு, உள்ளவுககிட்ட ஃபீஸ் வாங்குனாரு! வாங்குன காசுல மிஞ்சுனதை வச்சு இல்லாதவுகளுக்குச் சும்மா ஆபரேசன். காசு குடுத்தவருக்குக் கட்டிலு, குடுக்காதவருக்குப் பாயி. டாக்டரு ரெண்டு பேருக்கும் ஒரே டாக்டருதான். "நீ ஏழைங்கிறதுக்கு அத்தாட்சி எங்கே"ன்னும் கேக்கலை. தாசில்தாருக்கு ஒரு சோலி போச்சு.

பெறகு கண்ணுக்குள்ள வைக்கிற லென்சு. வெளிநாட்டுல நூறு டாலரு விலை. தருமத்துக்கு வர்ற லென்சு எத்தனையோ, அத்தனை கண்ணுக்குத்தான் வெளிச்சம். மிச்சப் பேரு காத்துக் கிடக்கணும். அவரு கூட்டம் 1992-ல ஆரோலேப்னு சொந்தப் பட்டறையே போட்டு, பத்து டாலரு கணக்குக்குக் கொண்டாந்துட்டாக. இன்னைக்கு நூறு நாட்டுக்கு மேல விக்குது. எவனோ கையை இறுக்கிக்கிட்டா நின்னுபோற சோலியா அது? நன்கொடை குடுக்கிறவன் "என் போட்டோவைச் சுவத்துல மாட்டு"ன்னா, "வேண்டாமுங்க"ன்னு சொல்லவும் தெம்பு வேணுமே, அப்பு. அது கல்லாவுல இருந்துதான் வரும்.

சரி, மானியம் வாங்காதேன்னு சொல்லலை. குதிரைவாலியில கஷ்டமே உமி போக்குறதுதான். அந்த மிசினுக்கு மானியம் கேளு. கரண்டு பில்லை அரிசி கட்டட்டும். ஆடிட்டரையும் ஒரு எட்டுப் பாரு. வைத்தியத்துக்கும் படிப்புக்கும் கெடுபிடி குறைவு. நீ செய்யிறதைப் பொதுப் பயன்னு எழுதிட்டா, யாவார வரவு மொத்த வரவுல இருபது சதம் தாண்டுன வருசம் வரிச்சலுகை போயிரும். சம்சாரிகளையே பங்குதாரராக்கி உற்பத்தியாளர் கம்பெனி வச்சா அந்தத் தொல்லை இல்லை, வரி கட்டணும் அம்புட்டுத்தான்.

லாவம் ருசிச்சு சம்சாரியை மறந்தேன்னா, விருதுநகர்ல இன்னொரு கமிசன் கடை கூடுனதாத்தான் கணக்கு. அவுககிட்ட வாங்குற விலையையும், நீ விக்கிற விலையையும் போர்டுல பக்கத்துப் பக்கத்துல எழுதி வையி.

மொத மூட்டை அரைச்சதும் சொல்லிவிடு, ரெண்டு கிலோ வாங்கிக்கிறேன். பெரியவுகன்னு சும்மா குடுத்துறாதே, காசு வாங்கிக்கோ.