கெடுவுக்கும் ஒரு கெடு

கடைசித் தேதி என்று அரசாங்கம் சொன்னால், அதற்கு அப்புறமும் ஒரு தேதி இருக்கிறது என்றுதான் நாம் எடுத்துக்கொள்கிறோம். நம் மேல் தப்பில்லை. வருமான வரிக் கணக்குக் காட்ட 2025-இல் ஜூலை 31 என்றிருந்த கெடு, செப்டம்பர் 15-க்குப் போனது. கிடைத்த ஒன்றரை மாதத்தை நாமும் வீணாக்கவில்லை. செப்டம்பர் 15 சாயங்காலம் வரை நிம்மதியாக இருந்தோம். அன்று இரவு எல்லோரும் ஒரே வாசலில் முட்டி மோத, இணையதளம் வட்டம் சுற்றியது. ஓடிபி வந்து சேர்ந்தபோது அதன் ஆயுள் முடிந்திருந்தது. ஆடிட்டர்கள் போனை எடுக்கவில்லை. நள்ளிரவை ஒட்டி வரித்துறை மனமிரங்கி இன்னும் ஒரே ஒரு நாள் தந்தது. மே மாதமே படிவம் பதினாறுக்காக ஆபீசை அரித்தெடுத்த மனிதர்களின் முகத்தைத்தான் பார்க்கச் சகிக்கவில்லை.

அதையும் தவறவிட்டால் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய்; வருமானம் 5 லட்சத்துக்குள் என்றால் 1,000. வரி பாக்கிக்கு மாதம் 1 சதவீதம் வட்டி. ஒரு நாள் தாண்டினாலும் முழு மாதக் கணக்குதான், மேன்ஷன் வாடகை மாதிரி. நாலாவது வருஷம் ஞானோதயம் வந்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். வரியும் வட்டியும் சேர்ந்த தொகைக்கு மேல் இன்னொரு 70 சதவீதம் வைத்தால் போதும்.

கட்டமாட்டேன் என்று வழக்காடியவர்களுக்கோ 2020-இலும் 2024-இலும் ‘விவாத் சே விஸ்வாஸ்’ திட்டம் வந்தது. தகராறிலுள்ள வரியைச் சொன்ன தேதிக்குள் கட்டியவர்களுக்கு வட்டியும் அபராதமும் தள்ளுபடி ஆயின. வழக்காடாமல் ஒழுங்காகக் கட்டியவர் இதில் சேரவே முடியவில்லை. தகுதிக்கு வழக்கு வேண்டியிருந்தது.