கூரையைக் கேட்டுட்டு வெயிலைப் புடி

வாடா பேராண்டி. கொழும்புல இருந்து தீவாளிக்கு வந்தவன் பலகாரம் கொண்டாருவேன்னு பார்த்தா, சோலார் நோட்டீசு கொண்டாந்திருக்க. நல்லது. ஹாலிஎலயில வெயிலுக்கா பஞ்சம்? ஆடி ஆவணியில கச்சான் அடிச்சா கொழுந்தே கருகுது. போடு, தாராளமா போடு.

எங்க போடுவ? லயத்துத் தகரம் பறக்காம இருக்க உங்கப்பன் கல்லும் பழைய டயரும் ஏத்தி வச்சிருக்கான். பலகை ஒண்ணு 20 கிலோவுக்குக் கொறையாதாம். கல்லை எறக்கிட்டு அதை வச்சிரு. காத்துக்கும் ஆச்சு, கரண்டுக்கும் ஆச்சு. ஆனா நம்ம காம்பரா மேக்கப் பார்த்தது. முதுகோட முதுகு ஒட்டுன லயத்துல காலை வெயிலெல்லாம் பின்பக்கத்து மாமா கூரையிலதான் விழும். சம்பந்தம் பேசிட்டுத்தான் கம்பி இழுக்கணும்.

அந்தக் கூரைதான் யாருது? நிலம் அரசாங்கத்துது. 1992ல இருந்து தோட்டம் கம்பனிங்க கையில. ஒழுகல் மட்டும் நம்மளது, அதுக்கு எவனும் உறுதி கேக்க மாட்டான். கரண்டு விக்கணும்னா உன் பேர்ல மீட்டர் வேணும். பாங்கில கடன் கேட்டா காணி உறுதி வேணும்.

2016ல அரசாங்கம் 'சூரிய பல சங்க்ராமய'ன்னு, கூரையில சோலார் போடச் சொல்லிக் கூவிக் கூவிக் கூப்பிட்டாங்க. முதல் 7 வருசம் யூனிட்டுக்கு 22 ரூபான்னாங்க. மாடி வீட்டுக்காரங்க போட்டாங்க. 2025 பெப்ரவரி 9, ஞாயித்துக்கெழம, நாடே இருண்டுச்சு. பாணந்துறை உப மின்நிலையத்துல குரங்கு புகுந்துச்சுன்னாரு மந்திரி. நம்ம லயத்துக் குரங்கு ரொட்டியோட நிறுத்திக்கும், பாவம். அப்புறம் மின்சார சபை சொல்லுது, லீவு நாள்ல பாவிக்க ஆளில்ல, சோலார் மட்டும் கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சாம், லைன் ஆட்டம் தாங்கலையாம். சித்திரைப் புத்தாண்டு வந்ததும் ஏப்ரல் 13லருந்து 21 வரைக்கும், பகல் 3 மணி வரை கூரை சோலாரை அணைச்சு வைங்கன்னு கேட்டுக்கிட்டாங்க. விருந்துக்குக் கூப்பிட்டு, எலை போட்டப்புறம் எந்திரின்னா எப்புடி? அந்த வாரம் நாட்டுக்கு நாமதான் பெரிய உபகாரம் செஞ்சோம். அணைக்க நம்மகிட்ட ஒண்ணுமில்ல.

பொழுது சாஞ்சு ஊரே அடுப்படியில நிக்கிறப்பதான் கரண்டு வேணும், அப்ப சூரியன் மலைக்கு அந்தப்பக்கம். பேட்டரிய அன்னைக்கே யோசிச்சிருக்கலாம்.

உன் யோசனையை நான் கொறை சொல்லல. 2024ல உமா ஓயாவுல 120 மெகாவாட்டு நீர்மின் நிலையம் திறந்தாங்க. அதுக்குச் சுரங்கம் குடைஞ்சப்ப பண்டாரவளைப் பக்கம் கிணறு வத்திப்போச்சு. வெயிலு அப்படி வத்தாது.

நாளைக்கு ஆபீசுக்குப் போயி தொரைக்கிட்ட காயிதம் குடு. கூரையில பலகை வைக்க அனுமதின்னு மட்டும் எழுது. வெயிலைப் பத்தி ஒரு வார்த்தை எழுதிப்புடாத. குத்தகையில சேர்த்தாலும் சேர்த்துருவாங்க.